பொம்மை விற்கும் கார்ட்டூன்... உங்கள் வீட்டு வாண்டு பார்க்கலாமா?

கோடை லீவு விட்டால் போதும். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என்று எந்த ஊர் வீட்டுக்குப் போனாலும் ஒரே சத்தம்... டிஷ்யூம், டிஷ்யூம்! டி.வி.யில் கார்ட்டூன் ஹீரோ பறந்து பறந்து அடிக்கிறார். சோபா மேலிருந்து வாண்டும் குதிக்கிறது. சண்டை முடிந்ததும் அடுத்த குரல்: "அம்மா, அந்தப் பொம்மை வாங்கிக் குடு!"

"கார்ட்டூன்தானே, பார்த்துட்டுப் போகட்டும்" என்பார் தாத்தா. "சண்டைப் படமே கூடாது" என்பார் அப்பா. இரண்டு பேர் சொல்வதிலும் பாதி நியாயம்தான் இருக்கிறது. சண்டை இருக்கிறதா, இல்லையா என்பதை மட்டும் பார்த்தால் போதாது. கார்ட்டூன் முடிந்த பிறகு உங்கள் பிள்ளை என்ன விளையாடுகிறான்? அதைத்தான் கவனிக்க வேண்டும்.

பொம்மை முதலில்... கதை பிறகு!

முன்பெல்லாம் கதை பிரபலமானால் அதற்குப் பொம்மை வரும். இந்த ரகக் கார்ட்டூன்களில் நடப்பது தலைகீழ். அமெரிக்காவில் மேட்டல் கம்பெனி 1982-ல் ஹீ-மேன் பொம்மைகளை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1983-ல் அதே ஹீ-மேன் கார்ட்டூனாக வந்தார். பிறகு நம் தூர்தர்ஷனிலும் தலைகாட்டினார். 1984-ல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வந்தது. புதுப் பாத்திரம் வந்தால், கடையில் புதுப் பொம்மை!

பெற்றோர்கள் போட்ட சத்தத்தில் 1990-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. பிள்ளைகள் நிகழ்ச்சியில் மணிக்கு இத்தனை நிமிடம்தான் விளம்பரம் என்று வரம்பு கட்டினார்கள். ஆனால் கதை முழுக்க அந்தப் பொம்மையே வந்தால்? இடைவேளையில் அதன் விளம்பரம் வராதவரை, அது விளம்பரக் கணக்கில் சேராது!

ஏழெட்டு வயது வரை, 'இது நம்மை வாங்க வைக்கக் காட்டுவது' என்று குழந்தைக்குச் சரியாகப் புரியாது. எனவே அடம் பிடிக்கும் பிள்ளையை மட்டும் திட்டிப் பயனில்லை.

பார்த்ததைச் செய்வார்கள்

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் நிபுணர் 1961-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடித்து உதைப்பதைச் சின்னக் குழந்தைகளுக்குக் காட்டினார். பிறகு அந்தக் குழந்தைகளில் பலர் அதே மாதிரி அடித்தார்கள். 1963-ல் திரையில் காட்டியும், கார்ட்டூன் போல பூனை வேஷத்தில் அடிக்கவிட்டும் பார்த்தார். அப்போதும் அதே கதைதான்.

இதனால் கார்ட்டூன் பார்த்த பிள்ளையெல்லாம் ரௌடியாகிவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் மூன்று, நாலு வயதில் நிஜமும் கற்பனையும் கலந்தே இருக்கும். ஹீரோ மாடியிலிருந்து குதித்தால் தானும் குதிக்கலாம் என்று தோன்றும். மொட்டை மாடி, வைக்கோல் போர், மேட்டூர்த் தண்ணீர் வந்து நிரம்பி ஓடும் வாய்க்கால்... நம் பக்கத்தில் குதிப்பதற்கு இடத்துக்கா பஞ்சம்? உஷாராக இருக்க வேண்டியது நாம்தான்.

பம்பரமும் பேபிளேடும்

பிள்ளைகள் அடித்துக்கொள்கிற மாதிரி விளையாடுவது புதிதல்ல. பம்பரத்தில் ஆக்கர் வைத்து அடுத்தவன் பம்பரத்தில் ஓட்டை போட்டவர்கள்தானே நம் அப்பாக்கள்!

பேபிளேடும் பம்பரம்தான். ஜப்பானின் 'பெய்கோமா' என்ற பழைய பம்பரத்தைப் பார்த்து டக்காரா கம்பெனி 1999-ல் செய்தது. 2001-ல் கார்ட்டூன் வந்தது. நம் ஊர் மரப் பம்பரம் ஒன்று இருந்தால் போதும். சாட்டை சுற்றி விடலாம், அபீட் எடுக்கலாம், புது விதி போடலாம். கதை பிள்ளையுடையது. கார்ட்டூன் பம்பரத்துக்கோ பெயர், சக்தி, எதிரி எல்லாம் ரெடிமேட். ஒன்று வாங்கினால் 'அடுத்த பவர்' கேட்கும்.

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைக்கு 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அடியில் கனம் இருப்பதால் எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்துவிடும். அதற்கு எந்தக் கதையும் கிடையாது. இன்று ராஜா, நாளை டீச்சர்... குழந்தை சொல்வதுதான் கதை!

நீங்களே தீர்ப்புச் சொல்லலாம்

பிள்ளையோடு உட்கார்ந்து இரண்டு எபிசோடு பாருங்கள். பிறகு இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள்.

1. அடிபட்டவருக்கு வலிக்கிறதா? இல்லை, அடுத்த நொடியே எழுந்து ஓடுகிறாரா?

2. ஹீரோ பேசியோ யோசித்தோ பிரச்னையைத் தீர்க்கிறாரா? எப்போதும் கைதானா?

3. புதுப்புது ஆயுதத்தையும் வண்டியையும் எடுத்துவிட்டால் கதையில் ஏதாவது மிஞ்சுமா?

4. பார்த்த பிறகு பிள்ளை சொந்தமாகக் கதை கட்டுகிறானா? அதே அடியைத் தம்பி, தங்கையிடம் காட்டுகிறானா?

5. ராத்திரி தூக்கத்தில் அலறுவது, தனியாகப் படுக்கப் பயப்படுவது உண்டா?

நாலாவதிலும் ஐந்தாவதிலும் பதில் சரியில்லை என்றால், அந்தக் கார்ட்டூன் எவ்வளவு பிரபலமாக இருந்தாலும் சில மாதம் நிறுத்துங்கள். பட்டென்று பிடுங்காமல், "இது முடிஞ்சதும் ஆஃப் பண்ணிடுவோம்" என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு நேரம்?

இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை இது: இரண்டு வயது வரை திரையே வேண்டாம். 2 முதல் 5 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. 5 முதல் 10 வரை இரண்டு மணிக்குள். டி.வி., செல்போன் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு! சாப்பாடு ஊட்டுவதற்காகப் போடுவதும் இதில் சேர்த்தி.

1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போகிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் வேகமாக மின்னியது. வலிப்பு, தலைசுற்றல், வாந்தி என்று 600-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். பெரும்பாலும் பிள்ளைகள். எனவே விளக்கை அணைத்துவிட்டு டி.வி. பார்க்க விடாதீர்கள், தள்ளி உட்கார வையுங்கள். வலிப்பு வந்த குழந்தை என்றால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொம்மை வாங்கித்தான் ஆக வேண்டுமா? ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள்; 2021 முதல் இது கட்டாயம். மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் கழன்று வரும் சின்னப் பாகங்கள், பட்டன் பேட்டரி கூடவே கூடாது. பேட்டரியை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

வாங்கிய பொம்மையை வைத்து, "இன்னிக்கு இவன் சண்டை போடலை, வயல்ல நடவுக்குப் போறான். அப்புறம் என்ன ஆச்சு சொல்லு?" என்று ஆரம்பித்துக் கொடுங்கள். மீதிக் கதையை உங்கள் வாண்டு சொல்லட்டும்!