நாணயவியலில் சுருக்கக் குறிகளும் கலைச்சொற்களும்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் காசு என்பதும் நேர்மை என்பதும் பொருளாகும். பழங்காசு ஒன்றை நேர்மையுடன் படிக்க விரும்புவோர், அதன்மீதுள்ள சுருக்கக் குறிகளையும் அத்துறைக் கலைச்சொற்களையும் முதற்கண் அறிதல் வேண்டும். அறியாதார் கையில் அது வெறும் செப்புத் துண்டே. உலோகத்தை உருக்கி வார்க்கும் ஆலைகள் மிகுந்த கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் வாழும் நமக்கு, எடைக்குப் போடப்பட்ட காசு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

பழவேற்காட்டுக் காசு

நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டையே சான்றாகக் கொள்வோம். இங்கு 1613இல் டச்சுக்காரர் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர், நாணயச்சாலையும் நடத்தினர். அவர்தம் செப்புக் காசுகளில் பெரிய 'வி' எழுத்தும், அதன் இரு கைகளிலும் 'ஓ', 'சி' என்னும் எழுத்துகளும் பிணைந்து நிற்கும். உடன் காணும் 'பி' பழவேற்காட்டைக் குறிக்கும். 'என்' இருப்பின் நாகப்பட்டினமாகும்.

'வி.ஓ.சி.' என்றதும் கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனாரே நம் நினைவில் வருவார். அவர் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்டது 1906இல். காசில் உள்ளதோ, 1602இல் தோன்றி 1799இல் மறைந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர்ச் சுருக்கம். இரண்டுமே கப்பலோடு தொடர்புடையன எனினும், ஒன்று அயலார் வணிகம். மற்றொன்று அயலார் வணிகத்தை எதிர்த்த முயற்சி. சுருக்கத்தின் விரிவு தெரியாவிடில் மூன்று நூற்றாண்டு வரலாறு தலைகீழாகிவிடும்.

ஆண்டும் ஊரும்

நாணய நூல்களில் 'ஏ.எச்.' என்பது ஹிஜ்ரி ஆண்டு. அதனை 97ஆல் பெருக்கி, 100ஆல் வகுத்து, 622ஐக் கூட்டினால் கிறித்தவ ஆண்டு ஏறத்தாழக் கிடைக்கும். ஆற்காட்டு ரூபாயில் ஹிஜ்ரி 1172 என்றிருப்பின், அது 1758-59 ஆகும். 'ளர்ப்' என்றால் அச்சிடப்பட்டது. அதனோடு ஊர்ப்பெயர் வரும். 'ஜுலூஸ்' என்பது மன்னர் அரியணை ஏறியதைச் சுட்டும். அதனோடு வரும் எண் ஆட்சியாண்டு. 'ஸிக்கா' என்பது நாணய முத்திரை.

இங்கும் எச்சரிக்கை தேவை. 1807 முதல் ஆங்கிலக் கம்பெனியார் சென்னையில் இயந்திரத்தால் அடித்த ரூபாய்களிலும், 1759இலேயே மறைந்த முகலாய மன்னர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும், ஹிஜ்ரி 1172உம், ஆற்காடு என்னும் ஊர்ப்பெயருமே உள்ளன. மக்கள் நம்பிய பழைய முத்திரையை மாற்றத் துணியவில்லை போலும்! ஆகவே எழுத்தைப் படித்தால் மட்டும் போதாது. விளிம்பு, எடை, வடிவம் ஆகியவற்றையும் ஆராய்தல் வேண்டும்.

பிற குறிகள்

உலோகத்தைச் சுட்டுபவை: 'ஏ.வி.' பொன், 'ஏ.ஆர்.' வெள்ளி, 'ஏ.ஈ.' செம்பு அல்லது வெண்கலம். நிலையைச் சுட்டுபவை: 'யு.என்.சி.' புழக்கத்திற்கே வராதது, 'எக்ஸ்.எப்.' மிகச் சிறிதே தேய்ந்தது, 'வி.எப்.' ஓரளவு தேய்ந்தது; 'எப்.' மிகுதியாகத் தேய்ந்தது. நம் சட்டைப்பையிலுள்ள இந்தியக் காசிலும் ஆண்டின்கீழ் குறியுண்டு: வைரவடிவம் மும்பை, விண்மீன் ஐதராபாத், புள்ளி நொய்டா, குறியின்றேல் கொல்கத்தா.

பழங்காசைப் புளியிட்டுத் துலக்குதல் கூடாது. எழுத்தும் மதிப்பும் ஒருங்கே அழியும். அடித்தளம் தோண்டுகையில் புதையல் கிடைத்து, அதன் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்படின், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தல் கடமை.

மாணவச் செல்வங்களே! இளமையில் மக்தபில் கற்ற அரபு எழுத்தும், இக்கல்லூரியில் கற்கும் தமிழும் உங்களிடம் ஒருங்கே உள்ளன. இவ்விரண்டும் வாய்த்தவர் சிலரே. அரபுத்தமிழ் படிக்கவல்ல பெரியோர் நம்மிடையே வாழும்போதே, வீட்டுப் பெட்டகத்துக் காசொன்றை அவர்முன் வைத்துப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள்.