காத்திருக்க யார் இருக்கிறார்கள்?

அன்பு மகளுக்கு, பெரியம்மா எழுதுவது.

ஏழாம் மாத ஸ்கேன் நல்லபடியாக முடிந்ததென்று உன் அம்மா சொன்னாள். கூடவே, நார்மலுக்கு ஒரு ரேட்டு, சிசேரியனுக்கு ஒரு ரேட்டு என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சீட்டையும் போனில் வாசித்துக் காட்டினாள். அது மனசைவிட்டுப் போகவில்லை, எழுதுகிறேன்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 45 சிசேரியன். தனியாரில் 64, அரசில் 36. சிக்கலான கேஸ்கள் பலவும் கடைசியில் வந்து சேருவது அரசு ஆஸ்பத்திரிக்குத்தான். அப்படியிருந்தும் இவ்வளவு வித்தியாசம். இதற்குப் பெண்களின் உடம்பு மட்டும் காரணமாக இருக்க முடியாது.

டாக்டர்களைப் பணத்தாசை பிடித்தவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். தலைப்பிரசவத்தில் வலி எடுத்துக் குழந்தை பிறக்கப் பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலுமோ ஆகும். ஆபரேஷன் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரே டாக்டரை நம்பி நடக்கும் நர்சிங் ஹோமில் இரவு முழுக்க யார் விழித்திருப்பது? மயக்க மருந்து கொடுப்பவர் வேறு வெளியிலிருந்து வரவேண்டும். காத்திருந்து ஏதாவது ஆகிவிட்டால் பழி டாக்டர் தலையில் விழும். அந்த இரவுக் காவலுக்கென்று பில்லில் ஒரு ரூபாயும் ஏறாது. நாமும் சும்மா இல்லை, நட்சத்திரம் பார்த்து நேரம் குறித்துக்கொண்டு போய் நிற்கிறோம்.

என் முதல் பிரசவத்தில் "கொடி சுத்தியிருக்கு" என்றார்கள். பதறிப்போய் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டோம். நாலைந்து குழந்தைகளில் ஒன்றுக்குக் கொடி சுற்றியிருக்கும், பெரும்பாலும் அதனால் ஆபத்தில்லை என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த முதல் தழும்பைக் காட்டியே இரண்டாவதையும் ஆபரேஷன் ஆக்கினார்கள்.

கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் விரிந்தாக வேண்டும் என்ற பழைய கணக்கை 2018இல் உலக சுகாதார நிறுவனமே தள்ளிவைத்தது. தாயும் சேயும் நன்றாக இருக்கும்போது, மெதுவாக விரிகிறது என்பதற்காக மட்டும் அவசரப்படுத்தக் கூடாது. இன்னொன்று, பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட 26 ஆய்வுகளை 2017இல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. வலி நேரம் முழுக்கப் பக்கத்தில் துணை இருந்த பெண்களுக்கு சுகப்பிரசவம் கூடியிருந்தது, சிசேரியன் குறைந்திருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, முதுகைத் தேய்த்துவிட்டு, தண்ணீர் கொடுக்க ஓர் ஆள். இதை விற்று யாரும் பெரிதாகச் சம்பாதிக்க முடியாது. அதனால்தானோ என்னவோ, இதை யாரும் அதிகம் விளம்பரப்படுத்துவதில்லை.

குழந்தை குறுக்கே கிடந்தால், நஞ்சுக்கொடி வழியை அடைத்திருந்தால், குழந்தையின் இதயத் துடிப்பு விழுந்தால் ஒரு நிமிஷமும் தயங்காதே. அங்கே கத்திதான் உயிர் காக்கும். மற்றபடி, வலி எடுக்கும் முன்பே போய்க் கேள்: ராத்திரியில் டாக்டர் இருப்பாரா? போன மாதம் எத்தனை பேருக்கு நார்மல் ஆனது? பதில் சொல்லத் தயங்கினால், பக்கத்து அரசு ஆஸ்பத்திரியையும் ஒருதரம் பார்த்துவிட்டு வா. அங்கே ஆபரேஷனே ஆனாலும் கட்டணம் கிடையாது.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் நான் வந்துவிடுகிறேன். பிரசவ அறைக்குள் என்னை விடுவார்களா என்று மட்டும் முதலில் கேட்டு எழுது.

உன் பெரியம்மா