வயிற்று வலி என்று மட்டும் சொன்னால் போதாது

மாதவிலக்கைக் குறிப்பிட நம் வீடுகளில் எத்தனையோ சொற்கள் உண்டு. தூரம், வீட்டுக்கு விலக்கு என்று ஊருக்கு ஒரு வழக்கு. அந்த நாட்களில் வரும் வலிக்கு மட்டும் ஒரே சொல்தான்: வயிற்று வலி. டாக்டரிடமும் அதையே சொல்கிறார்கள். அவர் வாயு மாத்திரை எழுதித் தருகிறார். அடுத்த மாதம் மறுபடியும் வலி. ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

ஓய்வு பெற்ற ரயில்வே இன்ஜினியருக்கு இந்த விஷயத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேண்டாமா என்று பல வீடுகளில் முடிவு செய்பவர் ஆண்தான். ஆகவே ஆண்களும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

எண்டோமெட்ரியோசிஸ் என்பது நோயின் பெயர். கருப்பையின் உட்புறம் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. அதைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பை, கருக்குழாய், குடல், சிறுநீர்ப்பை இவற்றின் மேல் வளர்வதுதான் இந்நோய். மாதந்தோறும் அதுவும் வீங்கிக் கசிகிறது. கசிந்த இரத்தம் வெளியேற வழியில்லை. வடிகால் இல்லாத இடத்தில் மழைநீர் தேங்கினால் தண்டவாளக் கரை என்ன ஆகும் என்று ரயில்வேக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அழற்சியும் தழும்பும் உண்டாகி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் உண்டு. சிலருக்குக் கருத்தரிப்பதும் தடைப்படுகிறது.

மாதவிலக்கு இரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய் வழியே பின்னோக்கிப் போவதே காரணம் என்று அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1927இல் எழுதினார். ஆனால் அப்படிப் போவது பெரும்பாலான பெண்களுக்கு உண்டு. நோய் சிலருக்கே வருகிறது. ஆகவே அது முழு விளக்கம் ஆகாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில், கருவுறும் வயதுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, இந்நோய் இருக்கிறது.

சென்னையில் 1970இல் பிறந்து அமெரிக்காவில் சமையல் நிகழ்ச்சிகளால் புகழ்பெற்ற பத்மா லட்சுமியைப் பலர் அறிவீர்கள். பதின்மூன்று வயதில் தொடங்கிய வலிக்குப் பெயர் தெரியும்போது அவருக்கு வயது முப்பத்தாறு. வசதி படைத்தவருக்கே இந்த நிலை! 2009இல் டாக்டர் டேமர் செக்கினுடன் சேர்ந்து அமெரிக்க எண்டோமெட்ரியோசிஸ் அறக்கட்டளையைத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1980இல், மில்வாக்கி நகரில் மேரி லூ பால்வெக், கேரலின் கீத் என்ற இரு பெண்கள் இந்நோயாளிகளுக்கென ஒரு சங்கம் அமைத்திருந்தார்கள்.

என் அண்ணன் மகள் டெக்னோபார்க் வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தாள். மாதம் இரண்டு நாள் படுக்கைதான். கல்யாணமானால் சரியாகிவிடும் என்று ஊரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார் ஒரு டாக்டர். உடன் வேலை செய்த மலையாளிப் பெண்தான், "அடிவயிற்றிலா? மலம் கழிக்கும்போதும் வலிக்கிறதா? எனக்கும் அப்படித்தான்" என்று கேட்டாள். அவளே வேறொரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். லேப்ராஸ்கோபியில் நோய் உறுதியாயிற்று. "சித்தப்பா, நான் நடிக்கவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கே நிச்சயமாயிற்று" என்றாள் என்னிடம்.

சொந்த ஊரில் இருந்தால் அக்காவோ அத்தையோ இப்படிக் கேட்டிருக்கலாம். இங்கே நமக்கு அவர்கள் இல்லை. நம் பெண்கள் பலருடைய மலையாளம் சாலைக் கடைத்தெருவுக்குப் போதும், டாக்டர் அறைக்குப் போதாது. ‘அடிவயறு’, ‘மாசமுற’ என்ற இரண்டு சொற்களையாவது தெரிந்துகொள்ளுங்கள். தமிழுக்கு அண்டை வீட்டுச் சொற்கள்தாம்.

இன்னும் சில செய்திகள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. கல்யாணமும் பிள்ளைப்பேறும் இதற்கு மருந்தல்ல. கருப்பையை எடுத்துவிட்டால் வலி தீர்ந்தே தீரும் என்ற உறுதியும் கிடையாது. அடியோடு குணமாக்கும் சிகிச்சை இன்னும் வரவில்லை. ஆனால் வலி மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, லேப்ராஸ்கோபி அறுவை இவற்றால் பலருக்கு நல்ல நிவாரணம் கிடைக்கிறது. மருத்துவக் கல்லூரி வளாகத்து எஸ்.ஏ.டி. மருத்துவமனை பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அரசு மருத்துவமனை. கல்லூரிப் பெண்கள் கவனத்துக்கு: 2023 ஜனவரியில் கேரள அரசு பல்கலைக்கழக மாணவிகளுக்கு மாதவிலக்கு விடுப்பு அறிவித்து, கட்டாய வருகையை 75 சதவீதத்திலிருந்து 73 ஆக்கியது.

ரயில் பாதையில் கீமேன் தினமும் நடந்து பார்ப்பார். எந்தக் கிலோமீட்டரில் என்ன பழுது என்று சொல்வார். ‘எங்கோ சத்தம் வருகிறது’ என்றால் யாரால் சரிசெய்ய முடியும்? வலிக்கும் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, வலித்த இடம், எத்தனை மணி நேரம், எந்த மாத்திரை, எந்த வேலை நின்றுபோனது. மூன்று மாதக் குறிப்போடு டாக்டரிடம் போங்கள்.

நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பெண்கள் மட்டும் உட்கார்ந்து பேச அரை மணி நேரம் ஒதுக்கலாம் என்று செயற்குழுவுக்குக் கேட்டுக்கொள்கிறேன். அந்த நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் டீ போடவும் ஆண்கள் நாங்கள் இருக்கிறோம்.