கம்பெனி கலைப்பு அறிவிப்பும் குடியானவர் பாக்கியும்

விளைபொருளைக் கடனுக்கு விற்கும் குடியானவர்களில் பலர், வாங்குவோரின் கிடங்கையும் லாரிகளையும் கண்டே நம்பிக்கை கொள்ளுகின்றனர். வாங்குவது ஒரு கம்பெனியாயின் இந்நம்பிக்கை மட்டும் போதாது. கம்பெனி என்பது சட்டத்தினால் பிறந்து சட்டத்தினாலேயே மறைவது. பெயர் நீக்கத்தினால் நேரும் மறைவு, சர்க்கார் கெஜட்டில் வெளியாகும் ஓர் அறிவிப்பினால் முடிவு பெறுகிறது. ஆதலின் அவ்வறிவிப்பின் தன்மையை அறிந்திருத்தல், பாக்கி வரவேண்டிய ஒவ்வொருவருக்கும் அவசியமாகும்.

பெயர் நீக்கம் நேரும் விதம்

2013ஆம் வருஷத்திய கம்பெனிச் சட்டத்தின் 248ஆம் பிரிவு இதற்கு இரு வழிகளை வகுத்துள்ளது. பதிவாகி ஒரு வருஷத்துக்குள் தொழில் தொடங்காத கம்பெனியையும், முந்திய இரண்டு நிதியாண்டுகளில் தொழில் நடத்தாமலும் செயலற்ற கம்பெனி என்னும் அந்தஸ்தைக் கோராமலும் இருந்த கம்பெனியையும் ரிஜிஸ்திரார் தாமே பதிவேட்டினின்று நீக்க முற்படலாம். தன் கடன்களைத் தீர்த்துவிட்ட கம்பெனி, அங்கத்தினரின் விசேஷத் தீர்மானத்தின் பேரில், தானே நீக்கம் கோருவதும் உண்டு. 2017ஆம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கம்பெனிகளின் பெயர்கள் நீக்கப்பட்டன.

இரண்டு அறிவிப்புகள்

கெஜட்டில் இரு முறை அறிவிப்பு வெளியாக வேண்டும். முதலாவது, பெயரை நீக்க உத்தேசித்திருப்பதைத் தெரிவிப்பது. இது கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்திலும், கெஜட்டிலும், கம்பெனியின் பதிவு அலுவலகம் உள்ள மாகாணத்தில் பரவலாக வாசிக்கப்படும் ஓர் ஆங்கிலப் பத்திரிகையிலும் ஒரு பிராந்திய மொழிப் பத்திரிகையிலும் வெளியாதல் வேண்டும். வெளியான தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் எவரும் ஆட்சேபனை தெரிவிக்கலாம்.

தவணை கழிந்து, தக்க காரணம் எதுவும் காட்டப்படாவிடில், ரிஜிஸ்திரார் பெயரை நீக்கி இரண்டாவது அறிவிப்பைக் கெஜட்டில் பிரசுரிப்பார். அவ்வாறு பிரசுரமானதும் கம்பெனி கலைந்ததாகும். பாக்கிதாரர் ஒவ்வொருவருக்கும் தனிக் கடிதம் வருமென்று எதிர்பார்த்தல் ஆகாது. பொதுமக்களுக்குத் தகவல் தருவதற்கென்றே சட்டம் கெஜட்டுப் பிரசுரத்தை விதித்துள்ளது. 1-10-2015 முதல் இந்திய கெஜட்டு அச்சிடப்படுவதில்லை. மின்னணு வடிவிலேயே வெளியாகிறது. அதனை இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

ஓர் உதாரணம்

குடியானவர் ஒருவர் ஒரு தீவனக் கம்பெனிக்கு 5 டன் மக்காச்சோளம் கடனாகக் கொடுத்ததாகக் கொள்க. ஆறு மாதம் சென்றும் பணம் வரவில்லை. இதனிடையே கம்பெனி, கடன் ஏதுமில்லை என்று கூறி நீக்கம் கோருகிறது. 30 நாட்களுக்குள் அவர் எடைச்சீட்டு, பில் இவற்றின் நகல்களுடன் அறிவிப்பில் கண்ட அதிகாரிக்கு ஆட்சேபனை அனுப்பினால், தீராத கடன் உண்டென்பது வெளியாகும். பெயரை நீக்குமுன், கடன்களைத் தீர்க்கப் போதிய ஏற்பாடு உள்ளதா என்று ரிஜிஸ்திரார் திருப்தி அடைதல் வேண்டும் என்பது சட்டம். குடியானவர் வாளாவிருப்பின் அதிகாரிக்கு அப்பாக்கி தெரிய வழி ஏது?

தவணை தப்பினால்

கலைந்த பின்னரும் டைரக்டர்கள், நிர்வாகிகள், அங்கத்தினர் ஆகியோரின் பொறுப்பு நீங்குவதில்லை. கடன் வரவேண்டியவர், இரண்டாம் அறிவிப்பு கெஜட்டில் வெளியான தேதியிலிருந்து 20 வருஷங்களுக்குள், கம்பெனியின் பெயரை மீண்டும் பதிவேட்டில் சேர்க்குமாறு தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தை வேண்டலாம். எனினும் இந்த நீண்ட தவணையை நம்பிச் சும்மா இருத்தல் தவறு. அது பெயரை மீட்பதற்கே உரியது. தவணை குறிக்காமல் விற்ற சரக்கின் கிரயத்துக்காகத் தாவா செய்யும் காலம், சரக்கை ஒப்படைத்த நாள் முதல் பொதுவாக 3 வருஷமே.

கவனிக்க வேண்டியவை

கம்பெனியின் முழுப் பெயர், பதிவு அலுவலக விலாசம், 21 எழுத்தும் இலக்கமும் கொண்ட அடையாள எண் ஆகியவை அதன் பில்களில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இவற்றை முதல் விற்பனையின்போதே குறித்துக் கொள்ளுதல் நலம். எடைச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துக. பணம் தாமதமானால் அவ்வெண்ணைக் கொண்டு அமைச்சகத்தின் இணையதளத்தில் கம்பெனியின் நிலையை மாதம் ஒருமுறையேனும் பார்த்து வருக. விதைக்கும் பருவத்தைத் தவறவிடாத குடியானவர், இந்த 30 நாள் தவணையையும் அவ்வாறே கருதுவாராயின், உழைப்பின் பலன் கைநழுவிப் போகாது.