கொழுவும் களைப்பொறியும்

கோவில்பட்டிக்குத் தெற்கே, திருநெல்வேலிக்குச் செல்லும் நெடுஞ்சாலையை அடுத்து அமைந்த சிற்றூர் இடைசெவல். கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் என்னும் எழுத்தாளர் இருவரை ஈன்ற பெருமை இவ்வூருக்கு உண்டு. இதனைச் சூழ்ந்த நிலம் கரிசல். மழை பெய்தால் இம்மண் அரக்குப் போல ஒட்டும். காய்ந்தால் கல்லைப் போல இறுகி, பாளம் பாளமாக வெடிக்கும். இடையிடையே சுக்கான் கற்களும் கிடக்கும். ஆதலின் இம்மண்ணில் உழைக்கும் இரும்பு விரைவில் தேய்கின்றது.

ஏர் ஒன்றையே நம்பியிருந்த நாளில், கொழு தேய்ந்தால் உழவர் அதனைக் கழற்றிக் கொல்லன் உலைக்குக் கொண்டு செல்வர். ஆனால், மாடுகளை நுகத்தினின்று அவிழ்க்காமல் கொழுவில் கை வைக்க மாட்டார்கள். மாடு அமைதியாகத்தானே நிற்கின்றது என்று நம்பிக் குனிந்தால், ஓர் ஈ கடித்த அளவில் அது துள்ளும். கொழு காலைக் கிழித்துவிடும்.

இக்காலத்தில் பருத்திக்கும் மக்காச்சோளத்திற்கும் இடையே முளைக்கும் களையை நீக்க, பெட்ரோலால் இயங்கும் சிறு பொறி பயன்படுகின்றது. பவர் வீடர் என்பது அதன் வழக்குப் பெயர். அதன் சுழல்தண்டில் பூட்டப்பெற்ற வளைந்த கத்திகளே இன்றைய கொழு. அவை தேய்ந்தால் மாற்றவேண்டும். அங்கும் பண்டை உழவரின் விதியே விதி: முதலில் அவிழ்த்தல் வேண்டும்.

பொறியில் அவிழ்ப்பது யாது? ஸ்பார்க் பிளக்கின் மேல் மாட்டிய மூடியைக் கம்பியோடு கழற்றி, அப்பால் ஒதுக்கி வைப்பதேயாம். சுவிட்சை அணைத்தாற் போதாதோ எனின், போதாது. இத்தகைய சிறு பொறிகள் பலவற்றில் தீப்பொறி உண்டாகப் பாட்டரி வேண்டுவதில்லை. சுழலும் சக்கரத்திலுள்ள காந்தமே அதனைப் பிறப்பிக்கின்றது. சுவிட்ச் பழுதுபட்டிருக்கலாம், அறியாச் சிறுவன் ஒருவன் கிளப்பும் கயிற்றை இழுக்கலாம், சில பொறிகளில் கத்தியைக் கையால் திருப்பினால் எஞ்சினும் உடன் சுழலும். உள்ளே எஞ்சிய பெட்ரோல் ஆவி சிறிதேயாயினும், கத்தியை ஒருமுறை உதறச் செய்ய அது போதும்.

அடுத்து, சூடு ஆறும்வரை பொறுத்திருந்து, பெட்ரோல் குழாயை அடைக்கவேண்டும். பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. தரையோடு பரவித் தொலைவிலுள்ள நெருப்பையும் எட்டும். ஆகவே, இவ்வேலையைத் திறந்த வெளியிற் செய்தல் நன்று. தீப்பெட்டித் தொழிலாற் பெயர்பெற்ற வட்டாரத்தார்க்குத் தீயின் இயல்பை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பொறி உருளாதபடி கட்டையால் முட்டுக் கொடுத்து, தோலுறை அணிந்து, நட்டுகளைக் கழற்றுக. கத்திகளில் இடப்பக்கத்தவை வேறு, வலப்பக்கத்தவை வேறு. கழற்றிய வரிசையை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். கூரிய விளிம்பு சுழலும் திசையை நோக்கி அமைதல் முறை. ஒன்று புதிதும் ஒன்று தேய்ந்ததுமாக இருப்பின் பொறி அதிரும். அதிர்ச்சியால் நட்டுகள் தளரும். எனவே, கத்திகளைத் தொகுதியாகவே மாற்றுவது சிறந்தது. வெடித்த கத்தியைப் பற்றவைத்துப் பயன்படுத்தலாகாது. பெல்ட்டில் வெடிப்பு உண்டாயின் அதனையும் உடன் மாற்றுக. பின்னர்க் காப்புத் தகட்டைப் பூட்டி, எல்லா நட்டுகளையும் மீண்டும் இறுக்கிய பிறகே, கடைசிச் செயலாகப் பிளக்கின் மூடியை மாட்டவேண்டும்.

இத்தனையும் செய்யச் சிறிது நேரமே ஆகும். களை முந்திவிடுமே என்று விரைபவர் அந்நேரத்தையும் மிச்சப்படுத்த எண்ணுவர். கத்தி தேய்ந்தால் கோவில்பட்டிக் கடைத்தெருவில் வேறொன்று வாங்கலாம்; போன விரலை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.