விசாவும் வேண்டுதலும்: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் ஒருவருக்குக் கழுத்தை நீட்டி, விவாகம் முடிந்த சில வாரங்களிலேயே அவரை விமானம் ஏற்றி அனுப்பிவிட்டு, குடியேற்ற விசா வரும் நாளை எதிர்பார்த்துப் பிறந்த வீட்டிலோ புகுந்த வீட்டிலோ காத்திருக்கும் பெண்கள் இன்று நம் ஊர்களில் பலர். அவர்களைச் சுற்றி உற்றாரும் அயலாரும் சொல்லும் அபிப்பிராயங்களில் சில அறியாமையால் பிறந்தவை. சிலவோ, ஏற்கெனவே வாடிய மனத்தை மேலும் வாட்டுபவை. ஆதலால் அவற்றுள் முக்கியமானவற்றை எடுத்து, உண்மை இன்னதென்று விளக்குவது அவசியமாகிறது.

நம்பிக்கை: விசா தாமதமாவது பெண்ணின் ராசிப் பலன்.

உண்மை: கணவர் தாக்கல் செய்யும் ஐ-130 என்னும் மனு முதலில் அமெரிக்கக் குடியேற்றச் சேவைத் துறையிடமும், அங்கே அங்கீகாரம் பெற்றபின் தேசிய விசா மையத்திடமும், கட்டணமும் பத்திரங்களும் பூர்த்தியான பிறகு துணைத் தூதரகத்திடமும் செல்கிறது, இந்தியர்களுக்கான குடியேற்ற விசா நேர்காணல் பெரும்பாலும் மும்பையில் நடைபெறுகிறது. மூன்று இடங்களிலும் ஏராளமான மனுக்கள் முறை காத்துக் கிடக்கின்றன. அந்த வரிசையில் நிற்கும் பெண்ணின் ஜாதகத்தைக் குறைசொல்லி மாமியார் வீட்டில் எழும் பேச்சு, ஆதாரமற்றது என்பதோடு அநியாயமானதுமாகும்.

நம்பிக்கை: கணவரிடம் கிரீன் கார்டு இருந்தால் போதும், குடியுரிமை பெற்றவர் மனைவிக்குக் கிடைப்பதெல்லாம் இவளுக்கும் கிடைக்கும்.

உண்மை: இரண்டுக்கும் சட்டம் வேறுபாடு வைத்திருக்கிறது. குடிமகனின் மனைவி நெருங்கிய உறவினர் என்ற வகையைச் சேர்ந்தவளாதலால், அவளுக்கு ஆண்டு எண்ணிக்கை வரம்பு கிடையாது. கிரீன் கார்டு வைத்திருப்பவரின் மனைவியோ வரம்புக்கு உட்பட்ட வகையில் இருப்பதால், மாதந்தோறும் வெளியாகும் விசா புல்லட்டினில் தன் முன்னுரிமைத் தேதி (மனு தாக்கலான நாள்) எப்போது வருமென்று பார்த்திருக்க வேண்டியவளாகிறாள். இடையில் கணவர் குடியுரிமை பெற்றுவிட்டால், அதை உரிய இடத்தில் தெரிவித்தவுடன் அதே மனு நெருங்கிய உறவினர் வகைக்கு மாறும். குடிமக்களின் சகோதர சகோதரிகளுக்கோ ஆண்டுக்கு ஒதுக்கப்படுவது சுமார் 65,000 விசாக்கள். எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதம் என்ற உச்சவரம்பும் உண்டு. அதனால்தான் இந்தியாவிலுள்ள தம்பி தங்கையரின் காத்திருப்பு 15 ஆண்டுகளையும் தாண்டிவிடுகிறது.

நம்பிக்கை: பிரார்த்தனை செய்துவிட்டால் காகிதங்கள் தாமே சரியாகிவிடும்.

உண்மை: ஹைதராபாத்துக்கு அருகே உஸ்மான் சாகர் ஏரியை ஒட்டிய சில்கூரில் எழுந்தருளியிருக்கும் பாலாஜியை ‘விசா பாலாஜி’ என்றே ஜனங்கள் அழைக்கிறார்கள். உண்டியலே இல்லாத அந்தச் சந்நிதியில் 11 பிரதக்ஷிணம் செய்து வேண்டிக்கொள்வதும், வேண்டியது நிறைவேறியபின் மீண்டும் வந்து 108 சுற்றுகள் சுற்றுவதும், எண்ணிக்கை தவறாதிருக்கக் கட்டம் போட்ட சிறு தாளில் சுற்றுக்கொரு குறியிடுவதும் வழக்கம். காத்திருப்பவளுக்குத் தைரியமளிக்கும் அந்தப் பக்தியை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் அந்தத் தாளில் காட்டும் சிரத்தையைப் பிறப்புச் சான்றிதழிலும் காட்ட வேண்டும். குழந்தையின் பெயர் எழுதப்படாமலே பதிவான பழைய சான்றிதழ்கள் நம்மிடையே ஏராளம். அவற்றில் பெயரைச் சேர்க்க நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ விண்ணப்பிக்க வேண்டும். ஓர் ஆவணத்தில் வெறும் தலைப்பெழுத்தாக நிற்பது மற்றொன்றில் தந்தையின் முழுப் பெயராக விரிந்திருக்குமானால், இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்பதற்கு ஆதாரம் தயாராக இருக்கட்டும்.

நம்பிக்கை: நேர்காணலில் 221(ஜி) என்ற தாளைக் கொடுத்தால் எல்லாம் முடிந்தது.

உண்மை: சட்டத்தின் பாஷையில் அது மறுப்பே, ஆயினும் அநேக சந்தர்ப்பங்களில் அதன் பொருள், ஏதோ ஒரு பத்திரம் குறைகிறது அல்லது மேல் விசாரணை மீதமிருக்கிறது என்பதுதான். கேட்ட பத்திரத்தை ஓராண்டுக்குள் சமர்ப்பித்தால் அதே விண்ணப்பம் தொடரும். கெடு தவறினால் புதிய விண்ணப்பமும் கட்டணமும் வேண்டியிருக்கும். அழுது ஓய்ந்தபின், என்ன கேட்டிருக்கிறார்கள் என்று அந்தத் தாளை நிதானமாக வாசிப்பதே முதற் காரியம்.

நம்பிக்கை: மெய்யான விவாகத்துக்கும் கொஞ்சம் ஜோடனை தேவை; தரகர் பார்த்துக்கொள்வார்.

உண்மை: போலிப் பத்திரமோ பொய் வாக்குமூலமோ வெளிப்பட்டுவிட்டால், ஆயுள் முழுவதும் அமெரிக்க நுழைவே தடைபடக்கூடும், அதிலிருந்து விலக்குப் பெறுவதும் கடினம். பதிவுச் சான்றிதழ், கல்யாணப் புகைப்படங்கள், பிரிந்திருந்த காலத்தில் பேசிக்கொண்டதற்கும் பணம் அனுப்பியதற்கும் உள்ள சுவடுகள் இவையே உண்மையான தம்பதிகளுக்குப் போதுமான சாட்சியங்கள்.

தாமதத்துக்குச் சட்டமும் எண்ணிக்கையும் ஆவணங்களுமே காரணம். ஆகவே உறவினர்களே, அவளுக்காகப் பிரார்த்தியுங்கள், நகராட்சி அலுவலகத்துக்கு அவளோடு துணையாகச் செல்லுங்கள், ‘இன்னுமா வரவில்லை?’ என்ற கேள்வியை மட்டும் தயவுசெய்து அவளிடம் கேட்காதிருங்கள்.