குட்டைக்கால் கோழியும் குறைந்துபோன குஞ்சுகளும்

பன்னிரண்டு முட்டை அடை வைத்து ஏழே குஞ்சு வெளிவந்தால் உங்கள் வீட்டில் யார்மீது பழி விழும்? எங்கள் வீட்டில் இடியின்மீது விழுந்தது. கூட்டில் ஓர் இரும்புத் துண்டும் கரித்துண்டும் போட நான் மறந்தேனாம்; அதனால் இடியோசை கேட்டு முட்டை கலங்கிவிட்டதாம். அத்தை ஒரு வாரம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். கோழி விற்றவர் கிழட்டுச் சேவலை என் தலையில் கட்டிவிட்டார் என்பது என் கட்சி. இரண்டுமே பிழை. உண்மை இன்னதென்று தெரிந்துகொள்ள நான் இங்கு வந்து மரபியல் பாடத்தில் அமரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குள் மிகவும் தேவையான ஒரு பறவையைக் குழம்பு வைத்துத் தின்றுவிட்டோம். விடுமுறையில் ஊருக்குப் போய் அழகுக்கோழி வளர்க்க எண்ணும் நண்பர்கள் இரண்டொருவர் இருப்பது எனக்குத் தெரியும். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பாண்டம் என்பது ஓர் ஊரின் பெயர். சாவகத் தீவின் மேற்கு முனையில் மிளகு வாணிகத்தால் செழித்திருந்த துறைமுகம் அது. இன்று பான்டென் என்கிறார்கள். அங்கே வந்துபோன ஐரோப்பிய மாலுமிகள் வாங்கிச் சென்ற சிறு கோழிகளுக்கு ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. பிற்பாடு எந்தக் குள்ளக் கோழியானாலும் பாண்டம் என்பதே வழக்காயிற்று. நமக்கும் அந்த ஊருக்கும் ஒரு பழைய உறவு உண்டு. சென்னையில் ஆங்கிலேயர் கோட்டை கட்டத் தொடங்கிய 1640ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், சென்னை வணிகக் குடியிருப்பு பாண்டத்திலிருந்த தலைமைக்குக் கட்டுப்பட்டே நடந்தது. கோழிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பீர்கள். இல்லைதான், ஆயினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பாண்டங்களில் வகை பல. நான் பேசப்போவது ஜப்பானியப் பாண்டம் ஒன்றைப் பற்றித்தான். ஜப்பானியர் அதைச் ‘சாபோ’ என்பர். 1941இல் அந்நாட்டரசு அதைப் பாதுகாக்கத்தக்க இயற்கைச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. சேவல் அரைக் கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும்; பெட்டை அந்த அளவுகூட இராது. பெரிய கொண்டை, தலைக்கு மேல் நிமிர்ந்தெழும் வால், தரையைத் தொடும் இறக்கை. கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். அது நடந்து வந்தால் சிறு படகு ஒன்று மிதந்து வருவது போலிருக்கும். அந்தக் குட்டைக் காலுக்காகத்தான் விலை கொடுத்து வாங்குகிறோம். முட்டைக்குள் குஞ்சு சாவதற்குக் காரணமும் அந்தக் குட்டைக் கால்தான்.

எப்படி என்று பார்ப்போம். ஒவ்வொரு குஞ்சும் ஒவ்வொரு மரபணுவையும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு படியாகப் பெறுகிறது. குட்டைக்கால் கோழியிடம் ஒரு படி குட்டை, ஒரு படி நெட்டை. இரண்டும் குட்டையாக உள்ள கோழியை நீங்கள் எந்தச் சந்தையிலும் காண முடியாது; ஏனெனில் அது பிறப்பதே இல்லை. குட்டைக்கால் சேவலையும் குட்டைக்கால் பெட்டையையும் சேர்த்தால் கருவுற்ற முட்டைகளில் காற்பங்கு இரட்டைக் குட்டையாக அமையும். அவை அடையின் மூன்றாம் நாளை ஒட்டிப் பெரும்பாலும் இறந்துவிடும். பாதி, பெற்றோரைப் போலக் குட்டைக்கால். மிச்சமுள்ள காற்பங்கு நெட்டைக்கால். எனவே உயிரோடு வெளிவரும் குஞ்சுகளில் மூன்றில் இரண்டு குட்டை, ஒன்று நெட்டை. மெண்டல் பாடத்தில் மூன்றுக்கு ஒன்று என்று மனப்பாடம் செய்தோமே, அது இங்கே இரண்டுக்கு ஒன்றாகிவிடுகிறது. ஒரு பங்கு எங்கே போயிற்று என்று கேட்டவர்களுக்குத்தான் கொல்லும் மரபணு என்ற விடை கிடைத்தது. குட்டைக்கால் கோழிகளில் இதை லாண்டவர், டன் என்ற இருவர் ஆராய்ந்து 1930இல் வெளியிட்டார்கள்.

அப்படி அந்த மரபணுவில் என்னதான் கோளாறு? 2016இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று விடை தந்தது. எலும்பின் வளர்ச்சியை நெறிப்படுத்தும் ஒரு மரபணு இருக்க வேண்டிய துண்டே இக்கோழிகளின் ஒரு படியில் அறுந்து போயிருக்கிறது. ஒரு படியாவது இருந்தால் கால் குறுகுவதோடு போயிற்று. இரண்டும் இல்லையேல் கரு நிலைக்காது. அந்த மரபணுவின் பெயரைக் கேட்டால் சிரிப்பீர்கள்: ‘இந்திய முள்ளெலி’! பழ ஈயில் முதலில் கண்ட இனமான மரபணு ஒன்று பழுதுபட்டால் அதன் புழு முள்முள்ளாகத் தோன்றுமாம். அதனால் அதற்கு முள்ளெலி என்று பெயர். பின்னர் அதன் உறவு மரபணுக்களுக்கு முள்ளெலி வகைகளின் பெயர்களையே வைத்துவிட்டார்கள். நம் தென்மாவட்டத்துத் தேரிக்காடுகளில் சுருண்டு கிடக்கும் முள்ளெலியின் உறவுக்காரப் பெயர் ஜப்பானியக் கோழியின் காலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி எங்கள் வீட்டுக் கதை. ஒரு சேவல், இரண்டு பெட்டை, மூன்றும் குட்டைக்கால். பெட்டைகள் ஒரே வாரத்தில் அடைக்கு உட்கார்ந்தன. பாண்டம் பெட்டையின் சிற்றுடல் ஆறேழு முட்டைக்குமேல் அணைக்காது. ஆகவே ஆளுக்கு ஆறு வைத்தோம். வந்தவை ஏழு என்று முதலிலேயே சொன்னேன். அவற்றில் ஐந்து குட்டை, இரண்டு நெட்டை. பொரிக்காத ஐந்தையும் உடைத்துப் பாராமல் எருக்குழியில் எறிந்தோம். நெட்டைக்கால் இரண்டும் வளர வளர, இவை கலப்படம், இனம் கெட்டவை என்று நானே தீர்ப்புச் சொன்னேன். ஒன்று சேவல், ஒன்று விடைக்கோழி. தீபாவளிக்கு இரண்டும் குழம்பாயின. அந்த விடைக்கோழி என் கையிலிருந்து கம்பு பொறுக்கித் தின்னப் பழகியிருந்தது. அத்தை அன்று, “இது காலு நீளந்தான், வேற என்ன குத்தம் பண்ணிச்சு?” என்று கேட்டார். என்னிடம் விடையில்லை.

அடுத்த முறை ஏழாம் நாள் இரவில், இருட்டறையில் கைவிளக்கின் மேல் முட்டையை வைத்துப் பார்த்தேன். இதை நீங்கள் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும். உள்ளே ஒன்றுமின்றித் தெளிவாகத் தெரிந்தால் அது கருவுறாதது, நம் வழக்கில் கூமுட்டை. சேவலின் கோளாறோ, முட்டை பழசோ காரணமாகலாம். சிலந்தி கால் விரித்தாற்போல் செந்நரம்புகள் ஓடினால் உயிருள்ள கரு. நரம்பெல்லாம் அழிந்து ஒரு சிவப்பு வளையம் மட்டும் நின்றால், கரு தோன்றி இறந்துவிட்டது என்று பொருள். என் பன்னிரண்டில் கூமுட்டை ஒன்று, வளையம் மூன்று, உயிர் எட்டு. கருவுற்ற பதினொன்றில் காற்பங்கு ஏறத்தாழ மூன்றல்லவா? கணக்கு இவ்வளவு நன்றாக ஒத்துவந்தது என் நல்லூழ். பன்னிரண்டு முட்டையில் வளையம் ஒன்றும் இல்லாமலும் போகலாம், ஐந்தாகவும் வரலாம். மேலும், சூடு குறைந்து இறந்த கருவும் வளையமே காட்டும். ஆதலால் ஓர் ஈட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். நான்கைந்து ஈடுகளை ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

சரி, இந்தச் சாவைத் தவிர்க்க வழியுண்டா? உண்டு. குட்டைக்கால் சேவலோடு நெட்டைக்கால் பெட்டையைச் சேர்த்தால் குஞ்சுகளில் பாதி குட்டை, பாதி நெட்டை. இக்காரணத்தால் ஒரு கருவும் சாகாது. குட்டையோடு குட்டை சேர்த்தாலும் நூறு முட்டைக்கு ஐம்பதே குட்டைக்கால். இந்த வழியிலும் ஐம்பதே. அப்புறம் அந்த இருபத்தைந்து உயிர்களை எதற்காக இழப்பது? நான் குழம்பு வைத்த விடைக்கோழியின் மதிப்பு இப்போது விளங்கியிருக்கும். விற்பவர்கள் நெட்டைக்காலை மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள். தலையும் வாலும் நன்றாக அமைந்ததாகப் பார்த்து நீங்கள் அதை வாங்கலாம். ஆனால் தகப்பன் சேவலையும் மகளையும் சேர்த்துக்கொண்டே போகக் கூடாது; நாளடைவில் முட்டையும் குஞ்சும் நலிந்துவிடும். பக்கத்து ஊர்க்காரரோடு சேவலை மாற்றிக்கொள்வது எளிது. இரண்டு நெட்டைக்காலைச் சேர்த்தால் எத்தனை தலைமுறையானாலும் குட்டைக்கால் வராது என்பதும் நினைவிருக்கட்டும்.

வளர்ப்பில் நாட்டுக்கோழிக்குச் செய்வதில் பெரும்பகுதி இதற்கும் பொருந்தும். வேறுபடும் இடம் ஈரம். வயிறு தரையில் உரசுவதால் சேறு இதற்கு ஆகாது. தரையில் மூன்று நான்கு அங்குலம் உமியோ மரத்தூளோ பரப்பி, நனைந்ததை உடனே அள்ளிவிட வேண்டும். மழைநாளில் வெளியே விடாதீர்கள். இருக்கைக் கம்பு தரையிலிருந்து ஓரடிக்குமேல் வேண்டாம். பஞ்சாரம் பகலுக்குப் போதும். இரவில் கீரியும் மரநாயும் பூனையும் நுழையாத வலையிட்ட கூண்டு வேண்டும். இடுபவற்றுக்குக் கிளிஞ்சல் தூள் தனியே வையுங்கள். பொரிப்பது இருபத்தோராம் நாள். பாண்டம் ஒன்றிரண்டு நாள் முந்துவதும் உண்டு. தாயின்றி வளர்த்தால் முதல் வாரம் விளக்கடியில் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு, பின் வாரத்துக்கு ஐந்து டிகிரி குறைத்து வரலாம். கறையான் கொடுத்தால் குஞ்சு தளதளவென்று வளரும் என்று அத்தை சொல்வார். அதில் அவர் சொல்வது சரிதான்.

வெள்ளைக்கழிச்சலை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். குமாவுன் மலையூரான இராணிக்கேட்டின் பெயரால் வழங்கும் இந்நோய் வந்தபின் மருந்தில்லை. ஒரே வாரத்தில் கூண்டு காலியாகும். முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் நாள்களில் அடுத்த தடுப்பூசி. புதிதாக வாங்கிய பறவையை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு விடுங்கள்.

இரண்டாம் ஈட்டில் வந்த நெட்டைக்கால் பெட்டை ஒன்று வீட்டில் இருக்கிறது. மாற்றி வாங்கிய குட்டைக்கால் சேவலோடு அதை விட்டுவந்தேன். சென்ற வாரம் தொலைபேசியில் அத்தை பேசினார்: ஆறு முட்டையில் அது உட்கார்ந்து பத்து நாளாயிற்றாம், விளக்கில் பார்த்ததில் ஆறிலும் நரம்போடுகிறதாம். கூட்டில் இரும்புத் துண்டும் போட்டுவைத்திருக்கிறாராம்.